வாயை மட்டும் அசை!

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாக்களில் நிகழ்ச்சி நிரலின் தலைமாட்டில் 'இறை வணக்கம்' என்று ஒன்று அச்சிட்டிருக்கிறதே, அதை யாராவது முழுக் கவனத்துடன் காது கொடுத்துக் கேட்டதுண்டா? அந்தச் சமயத்தில்தான் மேடைக்கு நாற்காலி போதவில்லை என்று ஒருவர் ஓடுவார். ஒலிபெருக்கிக்காரர் கம்பியைத் தேடுவார். பிரமுகர் ஒருவர் தாமதமாக வந்து சேர, பாட்டின் நடுவிலேயே முன்வரிசை முழுவதும் எழுந்து நின்று கும்பிடும். மாலை நாலு மணியிலிருந்து அலம்பிய முகமும் பவுடருமாய் மேடையோரத்தில் கால் கடுக்க நின்றிருந்த முப்பது குழந்தைகள், இத்தனை அமளிக்கும் மத்தியில் பாடி முடித்து இறங்கிப் போய்விடுகிறார்கள்.

கேட்கிறவர்கள் என்று ஒரே ஒரு கூட்டத்தார்தான் உண்டு. அவர்கள் பெற்றோர்கள். அவர்களும் முழுப் பாட்டைக் கேட்பதாகச் சொல்ல முடியாது. முப்பது குரலில் ஒரு குரலை மட்டும் பிரித்து எடுத்துக் கேட்பது எப்படி என்கிற வித்தை அவர்களுக்குத் தெரியும். எத்தனை தேர்ந்த சங்கீத விமரிசகருக்கும் இது கைவராது. இப்பொழுது கைபேசியில் படம் பிடிக்கிற வழக்கம் வந்த பிறகு அந்த வித்தை சற்று மங்கி வருகிறது. கண் கண்ணாடிச் சில்லில் இருக்கும்போது காது எங்கே இருக்கும்?

சென்ற மாசி மாதத்தில், மிளகாய்ப் பழம் களத்தில் சிவக்கச் சிவக்கக் காய்ந்து கொண்டிருந்த நாளில், கோவில்பட்டிக்கு அப்பால் கரிசல் காட்டுக் கிராமம் ஒன்றின் ஆரம்பப் பள்ளி விழாவுக்கு நாம் போயிருந்தோம். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. (கரிசல் சீமையில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, 'ஆபீஸ்'தான்.) அரை நாள் கூலியை விட்டுவிட்டு, மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் பாடுவதைக் கேட்க வந்திருந்தார். அவர் அந்த வயதில் இருந்தபோது விடியுமுன்னே ஆபீஸ் வண்டி வந்து நிற்குமாம்; தூக்கக் கலக்கத்தோடு ஏறிப் போய்ச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினவராம். பாட்டு என்று பள்ளிக்கூடத்தில் எதையும் அவர் கற்றதில்லை.

குழந்தைகள் பாடினார்கள். நமக்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மாளின் முகம் மட்டும் வாடிப்போயிற்று.

"எம் பிள்ளை பாடலையே!" என்றார்.

"அதோ, இரண்டாவது வரிசையில் வாய் அசைகிறதே?" என்றோம்.

"வாய் அசையுது. சத்தம் வரலை. வீட்டிலே நித்தம் கேக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?"

பாட்டு முடிந்து குழந்தை இறங்கி வந்தது. தாயார் கேட்டதற்கு, "டீச்சர் என்னைய வாயை மட்டும் அசைக்கச் சொன்னாகம்மா" என்று சாதாரணமாகச் சொல்லிற்று. ஒரு வாரமாக இந்த ஏற்பாட்டின்படியே ஒத்திகை நடந்திருக்கிறது. குழந்தை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வரமாட்டாளோ என்ற பயம் இருந்திருக்கலாம்.

அம்மாள் சண்டைக்குப் போகவில்லை. ஆசிரியையிடம் தணிந்த குரலிலேயே கேட்டார். ஆசிரியையும் பொல்லாதவர் அல்ல. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு மேய்க்கிற இளம்பெண். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அவ குரல் மட்டும் தனியாக் கட்டையாக் கேக்குது. மத்த பிள்ளைங்களும் அவ கூடவே கீழே போயிருதுங்க" என்றார்.

"அப்பம் அவளை நிக்க வைக்காம இருந்திருக்கலாம்லா, டீச்சர்? நான் அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்தேன்."

இதற்கு ஆசிரியை பதில் சொல்லவில்லை. யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்?

அந்தப் பாட்டை எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள் என்று பிறகு விசாரித்தோம். கைபேசியில் ஒரு வித்துவான் பாடிய பாட்டைப் போட்டுக் காட்டி, அதைக் கேட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வித்துவானோ ஆண் பிள்ளை. ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவர். நம்முடைய அபிப்பிராயத்தில், கதையின் முடிச்சு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வயது வந்த ஆண்மகன் பேசும்போது தொண்டை நாண்கள் விநாடிக்குச் சுமார் 120 தடவை அதிர்கின்றன. சிறு குழந்தைக்கோ 250-க்கும் 300-க்கும் இடையில். ஆகவே ஒரு கட்டையில் பாடுகிற ஆணின் குரலைக் குழந்தை அப்படியே பிடிக்கப் பார்த்தால், அது அதன் தொண்டை எட்டாத பள்ளத்தில் கிடக்கிறது. சில குழந்தைகள் யாரும் சொல்லாமலே ஒரு ஸ்தாயி மேலே ஏறிக்கொண்டு சமாளித்துவிடும். சில குழந்தைகள் நாணயமானவை. கேட்ட இடத்திலேயே ஸ்வரத்தைத் தேடும். கிடைக்காமல் உறுமும். அந்த உறுமலைத்தான் நாம் 'ஞானம் இல்லை' என்று தீர்ப்புச் சொல்லி மூடிவிடுகிறோம். சுருதிப் பெட்டியை ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு ஏற்றி, ஒரு பெண் குரல் முதலில் பாடிக் காட்டினால், இதே குழந்தைகளில் பலர் பத்து நாளில் சேர்ந்து விடுவதைப் பாட்டு வாத்தியார்கள் அறிவார்கள். பிறவியிலேயே ஸ்வர பேதம் தெரியாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் அவர்களை நூற்றுக்கு ஒன்றரை முதல் நாலு வரை என்றே கணக்கிட்டிருக்கிறார்கள். நம்முடைய பள்ளிக்கூடங்களில் வாயை மட்டும் அசைக்கிற குழந்தைகளை எண்ணிப் பார்த்தால், கணக்கு அதோடு நிற்குமா என்பது சந்தேகமே.

ஆசிரியையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2012-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஓவியம், தையல், உடற்பயிற்சி, இசை முதலியவற்றுக்காக 16,000-க்கு மேற்பட்ட பகுதி நேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. தொடக்கத்தில் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அவர்கள் நியமிக்கப்பட்டதும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்காக. குரல் எப்படி வளைத்தாலும் வளையும் பருவம் அதற்கு முந்தியது அல்லவா? மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பாட்டு வாத்தியார் கைபேசிதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாடகத்திலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்தை 1970-ல் அரசு விழாக்களுக்கு உரியதாக்கினார்கள். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடல் என்றும் அறிவித்தார்கள். அந்த உத்தரவில், இசைத்தட்டைப் போட்டு ஒலிபரப்புவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாய்விட்டுப் பாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 55 விநாடிகளில் மோகன ராகத்தில் பாடவேண்டும் என்றும் கண்டிருக்கிறது. மோகனம் ஐந்தே ஸ்வரங்கள் உள்ள ராகம். குழந்தைகளுக்கென்றே அமைந்தாற் போன்றது. வாய்விட்டுப் பாடு என்று அரசாங்கமே சொன்ன பிறகு, வாயை மட்டும் அசை என்று வகுப்பறையில் சொல்லும்படி ஆகிவிடுகிறது!

கரிசல் பூமியில் இப்படி நடப்பதுதான் நமக்கு அதிகமாக உறுத்துகிறது. வானத்தைப் பார்த்துக் கம்பும் சோளமும் பருத்தியும் விதைக்கிற அந்த வறண்ட சீமை, சங்கீதத்தில் ஒரு நாளும் வறண்டதில்லை. கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எட்டயபுரம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ல் தீபாவளி நாளன்று காலமானது அந்த ஊரில்தான். அவருடைய சமாதியும் அங்கேதான். வழியில் காய்ந்து வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு அவர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பிகையைப் பாட, மழை கொட்டியது என்று ஐதிகம். கரிசல்காட்டுச் சம்சாரி எவரும் இந்தக் கதையை நம்ப மறுக்க மாட்டார். இன்னொரு தடவை யாராவது பாடினால் தேவலை என்றுதான் சொல்வார்.

தீக்ஷிதர் என்றால் குழந்தைகளுக்கு எட்டாத கனமான கீர்த்தனங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் குழந்தைகள் பாடுவதற்கு ஏற்ற 'நோட்டு' சாகித்தியங்களும் செய்திருக்கிறார். இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது கோட்டையில் ஆங்கிலேயருடைய பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் வார்த்தை அமைத்தார். இப்படிச் சுமார் 40 உருப்படிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். கமகம் கிடையாது. நடை போட்டுக்கொண்டு பாடலாம். ஆங்கிலேய அரசரை ஆண்டவன் காக்கட்டும் என்று சிப்பாய்கள் வாசித்த மெட்டிலேயே, சங்கீத சியாமளையாகிய அம்பிகை நம்மைக் காக்கட்டும் என்று அவர் எழுதி வைத்துவிட்டார்! காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்த காரியம். தீக்ஷிதர் ராஜீய நோக்கத்தோடு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும், ராஜாவுக்குரிய மெட்டு தேவிக்குப் போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் நமக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டாகிறது.

அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், பாண்டுக்காரர்களிடமிருந்து பிடிலைக் கற்று அதை நம் சங்கீதத்துக்கு ஏற்றவர் என்று பெயர் பெற்றவர். எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். அவருடைய பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற மகா கிரந்தத்தை 1904-ல் எட்டயபுரத்து அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சொத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது கரிசல் மண்.

விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள், களத்து மேட்டிலும் வண்டித் தடத்திலும் பாடுகிறவர்களின் பாட்டிலேயே ராகத்தைக் கண்டெடுத்துக் காட்டியவர். இடைசெவல் கி. ராஜநாராயணன் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போனவர். நாதஸ்வரத்தில் காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் மறையும் வரை வாழ்ந்தது கோவில்பட்டியில். கும்மியும் ஒப்பாரியும் வேறு இருக்கின்றன. கும்மி கொட்டுகிற வட்டத்தில், உன் குரல் கட்டை, நீ கையை மட்டும் தட்டு என்று எந்தப் பாட்டியும் எந்தப் பெண்ணையும் தள்ளி வைத்ததாக நாம் கேட்டதில்லை.

பாரதியாரைப் பற்றிச் சொல்லாமல் எட்டயபுரத்தைத் தாண்டிப் போக முடியுமா? வித்துவான்கள் அர்த்தம் தெரியாமல் சில பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடுவதைக் கண்டித்து அவர் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டுகளில் பெரும்பகுதி ஒருவர் தனித்து உட்கார்ந்து ஆலாபனை செய்வதற்காக ஏற்பட்டவை அல்ல; பலர் கூடிப் பாடுவதற்கு ஏற்பட்டவை. பாப்பாப் பாட்டு ஒன்று போதாதா? 1949-ல் சென்னை அரசாங்கம் அவருடைய நூல்களின் உரிமையை வாங்கி, பிறகு ஜனங்களுக்கே பொதுவாக்கிவிட்டது. இன்று அதைப் பாடுவதற்கு எந்தக் குழந்தையும் யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியதில்லை, வகுப்பு ஆசிரியையின் அனுமதியைத் தவிர.

பாரதியார் பிறந்தது 1882 டிசம்பர் 11-ந் தேதி. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 16-ந் தேதி, ஹங்கேரி தேசத்தில் கெச்கெமெட் என்ற ஊரில் ஜோல்தான் கோடாய் என்கிற சங்கீத மேதை பிறந்தார். கோடாயும் அவருடைய நண்பர் பார்த்தோக்கும் தங்கள் நாட்டுக் குடியானவர்களின் பாட்டுகளை ஊர் ஊராகத் தேடிச் சேகரித்து, 1906-ல் ஒரு தொகுதி வெளியிட்டார்கள். பிறகு கோடாய் பள்ளிக் குழந்தைகளின் பக்கம் திரும்பினார். வாத்தியம் வாங்கப் பணம் வேண்டும், குரலுக்கு வேண்டாம். ஆகவே எல்லாக் குழந்தைகளும் முதலில் தாய்மொழிப் பாட்டைப் பாட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1950-ல் அவர் பிறந்த ஊரிலேயே, நாள்தோறும் சங்கீதம் கற்றுத் தரும் ஆரம்பப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதைப் பார்த்து ஹங்கேரியில் அம்மாதிரிப் பள்ளிகள் பல எழுந்தன. ஐந்து நாள் வித்தியாசத்தில் பிறந்த இருவரில் நம்மவர் 39-வது வயதை எட்டுமுன்பே போய்விட்டார். அவர் 1967 வரை இருந்து வேலையை முடித்தார்.

எஸ்தோனியா என்ற சின்னஞ்சிறு தேசத்தில் 1869-ல் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. அந்நிய ஆட்சியின் கீழ் இருந்த காலத்திலும் அந்த ஜனங்கள் கூடிப் பாடுவதை விடவில்லை. 1988-ல் பல்லாயிரக் கணக்கானவர்கள் பாட்டு மைதானத்தில் கூடித் தடுக்கப்பட்டிருந்த தேசியப் பாட்டுகளைப் பாடினார்கள். 1991-ல் சுதந்திரம் திரும்ப வந்தது.

நமக்கும் அந்த அநுபவம் உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்கள், நாமக்கல் கவிஞர் அந்த யாத்திரைக்கென்றே எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். யாருக்குச் சுருதி சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை என்று அன்று யாரும் பரீட்சை வைக்கவில்லை. பின்னாளில் எம். பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பாரதி பாட்டுகளைப் பல குரல்களில் அடுக்கிப் பாடும்படி செய்தார். 1988-ல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குழு பாடி வந்திருக்கிறது. அவரிடம் பயின்றவர்களில் பலர் சங்கீத வாசனையே இல்லாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

இப்பொழுதெல்லாம் ஆண்டு விழா என்றால் சினிமாப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் குழந்தைகளை ஆட விடுகிறார்கள். ஆடட்டும், ஆட்டத்தில் நமக்கு விரோதம் இல்லை. ஆனால் மூன்று மணி நேர விழாவில் குழந்தையின் சொந்தக் குரல் கேட்பது அந்த இறை வணக்கத்தின்போது மட்டும்தான் என்றால், அந்த இரண்டு நிமிஷத்திலாவது முப்பது குரலும் கேட்க வேண்டாமா? பாட்டுப் போட்டிக்கு அனுப்புவதென்றால் பொறுக்கி எடுத்து அனுப்புங்கள், அது வேறு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டி ஆபீஸிலிருந்தும் பருத்திக் காட்டிலிருந்தும் கூலியை விட்டு வந்திருக்கிற தாய் தகப்பனுக்கு முன்னால் பாடுகிற பாட்டில் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது? ஒரு குரல் கீழே இழுத்தால் மற்றக் குரல்கள் கேட்பவர் காதில் அதைத் தூக்கி நிறுத்திவிடும். கூட்டத்துக்கு அதற்குள்ள பலம் உண்டு.

ஆகிற செலவும் அதிகமில்லை. சுருதிப் பெட்டி கைபேசிக்குள்ளேயே இலவசமாகக் கிடைக்கிறது. வித்துவானுடைய குரலைப் போட்டுக் காட்டுவதற்குப் பதில் ஊரில் நன்றாகப் பாடும் ஒரு பெண்ணை, தாலாட்டுப் பாடுகிற பாட்டியாயிருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து உட்கார வைக்கலாம். ஒரு வரியை அவர் பாட, குழந்தைகள் வாங்கிப் பாட வேண்டும். சேராத குழந்தையை நன்றாகச் சேருகிற குழந்தைக்குப் பக்கத்தில், காதோடு காதாக நிறுத்த வேண்டும். பின் வரிசை ஓரத்தில் அல்ல. சிறிய ஸ்தாயிக்குள் அடங்குகிற பாட்டாக முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. தீக்ஷிதருடைய நோட்டுகளில் சுலபமாயுள்ள இரண்டொன்றை எட்டயபுரத்துக் குழந்தைகள் பாடக் கேட்க வேண்டுமென்று நமக்கு வெகு நாளாக ஆசை.

வருகிற டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் வழக்கம்போல் பாரதி பிறந்த நாள் வரும். 1945-ல் அடிக்கல் நாட்டி 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்த மணி மண்டபம், 'கல்கி' ஆசிரியர் விண்ணப்பித்து, தமிழ் ஜனங்கள் கொடுத்த பணத்தில் எழுந்தது. சுற்று வட்டாரத்துப் பள்ளிக் குழந்தைகள் அங்கே வருவார்கள், பாடுவார்கள். கோவில்பட்டியிலிருந்து பஸ் இருக்கிறது. அரை மணிப் பிரயாணம். போகிற நேயர்கள் கைபேசியைச் சற்றே பையில் வைத்துவிட்டு, இரண்டாவது வரிசையைக் கவனித்துக் கேட்டு, வாய் அசைந்து குரல் வராத குழந்தைகள் எத்தனை என்று நமக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டால் நன்றியுடையவர்களாயிருப்போம்.